ஒன்பதாம் மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. மூன்றரை மாதத்தில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போட்டபோது காய்ச்சல் வந்து, தொடை வீங்கி, இரவெல்லாம் அழுதான். அடுத்தது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. "அம்மை தானாக வந்து இறங்கிவிடும், பிள்ளையை ஏன் வாட்டுகிறாய்?" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
– வாசகி, பெரம்பூர்

குழந்தைகள் நல மருத்துவர் பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா. வரும் புதன்கிழமையே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

அன்று வந்த காய்ச்சலை வைத்து இந்த ஊசியை எடைபோட வேண்டாம். பென்டாவேலன்டில் உள்ள கக்குவான் இருமல் தடுப்பு மருந்துதான் பெரும்பாலும் அந்தக் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் காரணம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இருப்பதோ வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். நூறில் 5 முதல் 15 குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரலாம். அதுவும் ஒரு வாரம் கழித்து, 7 முதல் 12 நாளுக்குள். சிலருக்கு உடம்பில் லேசாகத் தடிக்கும். காய்ச்சலால் வலிப்பு வருவது ஏறத்தாழ 3,000 அல்லது 4,000 ஊசிக்கு ஒன்று. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூளையைப் பாதிப்பதில்லை.

இப்போது தட்டம்மையின் பக்கம் வாருங்கள். நோயாளி இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் இந்த வைரஸ் 2 மணி நேரம் வரை உயிரோடிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நோய் கண்ட குழந்தைகளில் இருபதில் ஒன்றுக்கு நிமோனியா, ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளை அழற்சி. ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் இறந்துபோகின்றன. மருத்துவ வசதி மிகுந்த நாடுகளின் கணக்கு இது. சத்துக்குறைவுள்ள பிள்ளைகளிடையே இன்னும் மோசம். அம்மை இறங்கிய பிறகும், உடல் முன்பு சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதி அழிந்துவிடுவதால் வேறு நோய்கள் தொற்றும்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மை இறங்கித்தான் போகிறது. வேப்பிலை வைப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைக்கு மூச்சு இரைக்கும்போதும் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

சளி, லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம். முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ சிகிச்சையோ இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு நேரும் கடும் ஒவ்வாமைக்கு உடனடி மருந்து அங்கே இருக்கும். காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தி அல்ல; சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தியானது. எத்தனை மில்லி என்பதை நீங்கள் வாங்கிய புட்டியைக் காட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ கையில் சாவிக்கொத்தோ திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். அதற்கான தேதியை அட்டையில் இப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.