கேட்கப் பழகும் பிள்ளை

கேள்வி: என் மகன் தரம் 8 இல் படிக்கின்றான். கதை சொல்வதிலும் சைக்கிள் திருத்துவதிலும் கெட்டிக்காரன். வாசிப்பதும் பார்த்து எழுதுவதும் மட்டும் அவனுக்குப் பெரும் பாடு. டிஸ்லெக்சியா என்று வைத்தியர் சொன்னார். புதிய ஆசிரியர் வரும்போதெல்லாம் நானே போய் விளக்குகின்றேன். அவனோ வகுப்பில் வாய் திறப்பதில்லை. எழுதி முடிக்கு முன் கரும்பலகையை அழித்துவிட்டால் பாதிக் கொப்பியுடன் வீடு வருகின்றான். தனக்கு வேண்டியதைத் தானே கேட்க அவனை எப்படிப் பழக்குவது? கேட்டால் எதிர்த்துக் கதைக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: அன்புள்ள சகோதரி, தங்கள் மகனுக்கு என்ன சிரமம் என்பது தங்களுக்கும் வைத்தியருக்கும் தெரிந்திருக்கின்றது. அவனுக்குத் தெரியுமா? தன்னைப் பற்றி ஒன்றும் அறியாத பிள்ளை, வகுப்பில் காதில் விழும் ‘மொக்கு’ என்ற சொல்லையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் அவனிடம் பேசுங்கள். எழுத்தையும் அதன் ஒலியையும் விரைவாக இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமமே டிஸ்லெக்சியா என்பதையும், அது சோம்பலோ அறிவுக் குறைவோ அல்ல என்பதையும் அவனுக்கு விளங்கும் சொற்களில் சொல்லுங்கள். ‘கொ’ என்ற எழுத்தைக் காட்டலாம். முதலில் ஒலிப்பது க் என்ற மெய். ஆனால் எழுதும்போது உயிரின் குறி பாதி அதற்கு முன்னும் பாதி பின்னும் நிற்கின்றது. இப்படிப்பட்ட எழுத்துகளில் அவன் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கின்றது என்று தெரிந்தாலே அவனது வெட்கம் சற்றுக் குறையும்.

அடுத்து, அவனுக்கு மிகவும் தேவையான ஒன்றை அவனையே தெரிவு செய்ய விடுங்கள். ‘எனக்கு உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ஆசிரியருக்கும் என்ன செய்வதென்று விளங்காது. “சேர், எனக்குப் பார்த்து எழுத நேரம் எடுக்கும். இந்தப் பகுதியை மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் அழிக்காமல் விடுவீர்களா?” என்று கேட்டால் எந்த ஆசிரியருக்கும் விளங்கும். மாலையில் தாங்கள் ஆசிரியராக இருந்து இதைச் சொல்லிப் பழக்குங்கள். சில நாட்கள் வேண்டுமென்றே ‘இயலாது’ என்றும் சொல்லுங்கள். அப்போது “அப்படியென்றால் நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதலாமா?” என்று மாற்று வழி கேட்கவும் அவன் பழக வேண்டும். முழு வகுப்பின் முன்னிலையிலும் கேட்க வேண்டியதில்லை. இடைவேளையில் தனியே கேட்கலாம். வாயால் கேட்க முடியாத பிள்ளை, குறிப்பாக ஓட்டிசம் உள்ள பிள்ளை, சிறு துண்டில் எழுதிக் கொடுத்தாலும் அதுவும் கேட்பதுதான்.

தங்கள் அச்சம் எனக்கு நன்றாக விளங்குகின்றது. வாய் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் வன்னியில் நாம் எல்லோரும் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை நம்மை அறியாமலே பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகின்றோம். ஆனால் பணிவாகக் கேட்பது எதிர்ப்பு ஆகாது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. இருப்பினும் முழுச் சுமையையும் 13 வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமல்ல. ஆகவே முதல் முறை தாங்கள் முன்னதாகச் சென்று, “மகன் வந்து ஒன்று கேட்பான், தயவுசெய்து செவிமடுங்கள்” என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். அடுத்த முறை அவனருகில் பேசாமல் நில்லுங்கள். அதன் பின்னர் அவன் தனியே போகட்டும்.

சாதாரண தரப் பரீட்சையையும் இப்போதே மனதில் வையுங்கள். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகள் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு உரிய மருத்துவச் சான்றுகளுடன் விண்ணப்பிக்கலாம். இது பற்றி அதிபரிடம் தரம் 10 இலேயே பேசத் தொடங்குவது நல்லது. அதற்கு முன், தவணைப் பரீட்சைகளில் எது தனக்கு உண்மையில் உதவுகின்றது என்று அவனே பார்த்துக் குறித்து வைக்கட்டும்: கூடுதல் நேரமா, வினாவை ஒருவர் வாசித்துச் சொல்வதா, அமைதியான மூலையா? மழை நாளில் தகரக் கூரையின் கீழ் கவனம் சிதறும் பிள்ளைக்கு இருக்கும் இடமே பெரிய விடயம்.

பாடசாலையில் வழி பிறக்காவிட்டால் துணுக்காய் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்று, விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள். ‘என்ன பிரச்சினை?’ என்று அவர் கேட்கும்போது தாங்கள் சற்றுப் பொறுங்கள். அவன் பதில் சொல்லட்டும்.