ஃப்ரேம் ஸ்லைடர் வாங்கப் போகிறீர்களா? போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: யமஹா ஆர்15 வி4 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வாசலில் சைடு ஸ்டாண்ட் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்துவிட்டது, இடது ஃபேரிங்கில் (பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி) நீளமாக ஒரு கீறல். விழுந்தால் ஃபேரிங்குக்குப் பதில் தான் தரையில் தேய்கிற ஃப்ரேம் ஸ்லைடர் போடலாம் என்று தேடினால் ஆன்லைனில் 900 ரூபாய்க்கு இருக்கிறது, கடையில் 3,500 சொல்கிறார்கள், வெளிநாட்டு பிராண்ட் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒன்றுக்கு ஃபேரிங்கில் ஓட்டை போட வேண்டுமாம், இன்னொன்றுக்கு வேண்டாமாம். எங்கள் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, பேசாமல் நைலான் ராடு வாங்கிக் கடைந்துகொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: ஒரே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் வெளியே தெரிவது அந்தக் கறுப்பு உருளை மட்டும்தான். நீங்கள் காசு கொடுக்க வேண்டியது அதற்கு இல்லை. வண்டி விழும்போது விழுகிற அடி உருளை வழியாகப் போல்ட்டுக்குப் போகும், அங்கிருந்து என்ஜின் மவுண்டுக்கு (என்ஜின் ஃப்ரேமோடு சேருகிற இடம்), அப்புறம் ஃப்ரேமுக்கு. இந்த வரிசையில் எது முதலில் வளையும் என்பதுதான் விஷயம். போல்ட் வளைந்தால் நல்லது, நூறு இருநூறு ரூபாயோடு போகும். மவுண்ட் பிய்ந்தால் அழுதாலும் வராது. ஆர்15-ல் இருப்பது டெல்டாபாக்ஸ் ஃப்ரேம், அதில் மவுண்ட் பக்கம் விரிசல் விழுந்தால் எந்த வெல்டிங் கடையும் பழையபடி ஆக்கித் தராது. ஃபேரிங்கைக் காப்பாற்றப் போய் ஃப்ரேமைக் கொடுத்த கதையாகிவிடும்.

அதனால் கடையில் உருளையைத் தட்டிப் பார்க்காமல், போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்க வேண்டும், அதுதான் அதன் வலுவுக்கான தரக் குறி. எண் எதுவும் இல்லாத பளபள போல்ட் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், 900 ரூபாய் செட் பலவற்றில் சிக்கல் அங்கேதான். அடுத்து, போல்ட்டின் தலை உருளைக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். விளிம்பை ஒட்டியே இருந்தால் ரோட்டில் நாலு அடி தேய்ந்ததும் இரும்பு தரையைத் தொட்டுவிடும், அப்புறம் வழுக்குவது போய்க் கொத்துவதுதான். உருளை அலுமினியமாக இருந்தால் வேண்டாம், அழகுக்கு மட்டும்தான் அது. நைலான், டெல்ரின், அடர்த்தியான பாலிஎத்திலீன் ஆகிய கெட்டி பிளாஸ்டிக்குகளில் எது இருந்தாலும் சரி.

இப்போது ஓட்டை விவகாரம். ஓட்டை போட்டு மாட்டுகிற வகையில் போல்ட் நேராக என்ஜின் மவுண்டுக்குள் இறங்குகிறது. ஓட்டை வேண்டாத வகையில், ஃபேரிங்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வர நடுவில் ஒரு வளைந்த பிராக்கெட் இருக்கும். நின்ற இடத்தில் சாய்ந்தால் இரண்டும் காப்பாற்றும். ஓடும்போது விழுந்தால் அந்த பிராக்கெட் கடப்பாரை மாதிரி மவுண்டை நெம்பும், எவ்வளவு நீளமோ அவ்வளவு மோசம். வண்டி புதுசு, வாரன்டி இருக்கிறது, பயம் வாசலில் சாய்வதைப் பற்றித்தான் என்றால் கனமான, குட்டையான பிராக்கெட் உள்ள செட்டை வாங்கிக்கொள்ளுங்கள், 3,500 ரூபாய்க்காரர் காட்டுவது அப்படி இருந்தால் போதும். வார இறுதியில் வால்பாறை, ஊட்டி என்று கொஞ்சம் வேகமாக வளைகிற ஆள் என்றால் ஓட்டை போடுவதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிராக்கெட் எங்கே இணைகிறது என்பதையும் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டிலோ என்ஜின் கேஸிலோ உள்ள மரையில் நேரடியாக முறுக்குகிற வகை எந்த விலைக்கும் வேண்டாம். அது அலுமினிய மரை, அடி விழுந்தால் என்ஜினையே பிய்த்துக்கொண்டு வரும்.

லேத்தில் கடைவதா? உருளையைத் தாராளமாகக் கடையலாம், டெல்ரின் ராடு கிடைத்தால் கடையில் விற்பதை விடவே நன்றாக வரும். போல்ட்டையும் பிராக்கெட்டையும் மட்டும் கைப்பக்குவத்தில் செய்யாதீர்கள். போல்ட்டை அதே அளவில் தரக் குறியுடன் வாங்குங்கள். அங்கே ஒரு முறை அளவு தப்பினால் என்ஜினே இழுபடும்.

மாட்டும்போது இரண்டு பக்கப் போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம். இல்லையென்றால் என்ஜின் ஒரு நூல் இறங்கி, துளையோடு துளை சேராமல் மெக்கானிக் சுத்தியலை எடுப்பார். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பானர்) இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், 'கை அளவிலேயே தெரியும் சார்' என்பார்கள், தெரியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

கேள்வி: ஸ்லைடர் போட்டால் போலீஸ் பிடிப்பார்களா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாற்றங்களை. இரண்டு உருளைகள் அப்படி எதையும் மாற்றுவதில்லை. பக்கவாட்டில் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிற, சாகசக்காரர்கள் மாட்டுகிற இரும்புக் கூண்டை (ஸ்டன்ட் கேஜ்) போட்டுக்கொண்டு ஊருக்குள் சுற்றுவது வேறு கதை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கேள்வி: கேடிஎம் ஆர்சி 390 வைத்திருக்கிறேன். முதல்முறையாக இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப் போகிறேன். ஸ்லைடர் இருக்கிறது. வேறு என்ன போட வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: டிராக்கில் முதல் கவலை ஃபேரிங் இல்லை, எண்ணெய். என்ஜினின் இரண்டு பக்க மூடிகளான மேக்னட் கவர், கிளட்ச் கவர் இரண்டும் மெல்லிய அலுமினியம். வளைவில் விழுந்து நாலைந்து மீட்டர் தேய்ந்தாலே ஓட்டை விழுந்து எண்ணெய் ரோட்டில் கொட்டும், பின்னால் வருகிறவர் அதில்தான் ஏறுவார். பந்தயங்களில் எண்ணெய் இருக்கிற கவர்களுக்கு மேல் இரண்டாவது கவர் கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். கண்ணாடி இழை கலந்த நைலானில் வருகிற, பழைய கவர் மேலேயே நீளமான போல்ட் போட்டு இறுக்குகிற வகையைத் தேடுங்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுகிற 'என்ஜின் கார்டு' எல்லாம் ஸ்டிக்கர் கணக்கில்தான் சேரும்.

அப்புறம் பிரேக் லீவர் கார்டு. இன்னொரு வண்டியின் ஹேண்டில் உங்கள் லீவரில் இடித்தால் முன் பிரேக் பிடித்துத் தலைகீழாகப் போவீர்கள், அதைத் தடுக்கத்தான் அது. முன் அச்சு உள்ளே துளை உள்ளதாக இருந்தால் அச்சு ஸ்லைடர் போடுங்கள், ஃபோர்க் அடியும் காலிப்பரும் தப்பிக்கும். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மில் மாட்டுகிற பாபின் என்ற சின்ன உருளை, வண்டியை ஸ்டாண்டில் தூக்க வசதி, அவ்வளவுதான், விழும்போது அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

இருக்கிற ஸ்லைடர் நீளமானதா என்று பாருங்கள். ரோட்டில் அது நல்லது, டிராக் ஓரத்து மண்ணில் அதே நீளம் கொத்திக்கொண்டு, வழுக்கிப் போய் நிற்க வேண்டிய வண்டியை உருட்டிவிடும். டிராக்குக்குக் குட்டை உருளை மேல். நடத்துகிறவர்களின் விதிப் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். கையுறையும் பூட்ஸும் இன்னும் வாங்கவில்லை என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் இருக்கும்போது இதற்கெல்லாம் எதற்குச் செலவு?

பதில்: ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத வசதி) போடாத சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், நைலான், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஸ்போர்ட்ஸ் வண்டியில் கீழே விழுந்தால் போவதே பிளாஸ்டிக்தானே. இதோடு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி: முதல் வருடம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் வரை ஏறும், ஒரு கிளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்யம். ஒரு பக்க ஃபேரிங்குக்காக இதை இழப்பது பெரும்பாலும் நஷ்டம். நீங்கள் மாட்டின ஸ்லைடருக்கும் கவருக்கும் பணம் வர வேண்டுமென்றால் பாலிசி எடுக்கும்போதே துணைப் பாகங்கள் என்று மதிப்பைக் காட்டியிருக்க வேண்டும், பில்லையும் வைத்திருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வெளிநாட்டு பிராண்ட் ஸ்லைடர் வாங்கினேன். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. இரண்டு உருளைகளும் வேறு வேறு நீளம். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (மதுரை வாசகர்)

பதில்: போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இறக்குமதி செய்த பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் இருந்தாக வேண்டும். வண்டியில் மாட்டிவிடாதீர்கள், மாட்டினால் 'பயன்படுத்திவிட்டார்' என்பார்கள். இரண்டு உருளைகளையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் மதுரையில்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.