போரில் இறந்த படையினரை நாட்டுத் தலைவர்கள் எப்படிக் கௌரவிக்க வேண்டும்? மலர்வளையம் வைத்து இரண்டு நிமிடம் நின்றால் போதாதா?

போதாது. மலர்வளையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையில் அது கடைசி, அவ்வளவுதான்.

நம்முடைய பழைய முறையும் இதுதான். நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் ஆரம்பித்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலும் வைத்த பிறகுதான் வாழ்த்து. இன்றைய தலைவர்கள் பலர் ஆறாவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொண்டு வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தப் பூசல், யாருடைய ஆள், பெயர் என்ன என்று வரிசையாகச் சொல்லி, ‘பட்டான் கல்’, அதாவது இறந்தவனின் கல், என்று முடித்துவிடுவார்கள். புகழுரை கொஞ்சம், விவரம் நிறைய.

முதல் வேலை, வீட்டுக்குச் செய்தி சொல்வது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பல லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இன்னும் தனி முகவரி கிடையாது. பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), தோட்டம், தபாலகம் என்பதோடு முகவரி முடிந்துவிடும். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, மேசையில் கிடந்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் யார் கையிலாவது கொடுத்து அனுப்பப்படும். ஒரே டிவிசனில் மூன்று முனியம்மா இருந்தால் வேறு லயத்துக்கும் போகும். ஆகவே மரணச் செய்தியும் இரங்கல் கடிதமும் தபாலில் போகக் கூடாது. ஒரு படை அதிகாரி, தமிழ் பேசும் ஒருவர், கிராம உத்தியோகத்தர் என மூன்று பேர் நேரில் போக வேண்டும். காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்னால், இல்லையென்றால் மாலையில் கொழுந்து நிறுத்து முடித்த பின்னால். நடுப்பகலில் போனால் தாய் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். யாராவது கீழேயிருந்து கூப்பிட, செய்தி நிரை நிரையாகக் கைமாறி அவளிடம் போய்ச் சேரும். அதைவிடக் கொடுமை, அவளுக்குத் தெரியும் முன்பே தொலைக்காட்சியில் படம் ஓடுவது. குடும்பத்துக்குச் சொல்லி முடித்ததாக எழுத்தில் உறுதி வரும்வரை பெயரை வெளியிடக் கூடாது என்ற உத்தரவு தலைமையிடமிருந்தே வர வேண்டும்.

கடிதத்தைத் தலைவர் தன் கையால் ஒப்பமிட வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் இரங்கல் கடிதங்களில் தானே ஒப்பமிடாமல் இயந்திரத்தால் ஒப்பமிட்டு அனுப்பியது 2004 டிசம்பரில் வெளியே வந்தபோது, போரை ஆதரித்தவர்களே கோபப்பட்டார்கள். கையால் எழுதுவதால் மட்டும் தப்பிக்கவும் முடியாது. 2009 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் இறந்த ஒரு சிப்பாயின் தாய்க்குக் கைப்பட எழுதிய கடிதத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரே பிழையாக இருந்தது. மனுஷன் உண்மையாகவே வருந்தித்தான் எழுதியிருக்கிறார். தாயின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பிழை. 1864 இல் லிங்கன் பெயரில் போன புகழ்பெற்ற கடிதத்துக்கும் இதே கதிதான்: ஐந்து மகன்களை இழந்த தாய்க்கு என்று எழுதப்பட்டது, ஆனால் போரில் இறந்தவர்கள் இருவர். நல்ல நடை தெரிந்த ஒருவர் எழுதட்டும். ஒப்பமிடும் முன் பெயர், திகதி, இடம் மூன்றையும் இன்னொருவர் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் அதிகம் பிழைப்பது அங்கேதான்.

ஒரு தமிழ்ச் சிப்பாயின் பெயர் படைக் கோவையில் ஆங்கிலத்தில் இருக்கும். அதைச் சிங்களத்தில் எழுதுவார்கள், கல்லில் வெட்டும்போது சிங்களத்திலிருந்து திரும்பத் தமிழாக்குவார்கள். சிங்களத்தில் ழகரம் இல்லை. றகரமும் தனியாக இல்லை. பழனியாண்டி போய்ப் பலனியாண்டி ஆகித் திரும்பி வருவான். தமிழ்ச்செல்வன் தமில்செல்வன் ஆவான், மாறன் மாரன் ஆவான். கர்ப்பிணித் ‘தாய்மார்’ ‘நாய்மார்’ ஆன பேருந்துப் பலகையை நாடே பார்த்துச் சிரித்தது. அதைக் கழற்றி வேறு மாட்டலாம். கருங்கல்லில் வெட்டியதை என்ன செய்வது?

அடுத்த சிக்கல், பெயர்களை அடுக்கும் வரிசை. சிங்களப் பெயரில் ‘கே’ என்று முடியும் குடும்பப் பெயர் முன்னே வரும். நமக்கு முன்னே வருவது அப்பாவின் பெயர். பெரியசாமியின் மகன் சிவகுமாரை எழுதுவினைஞர் ‘பெரியசாமி’ என்ற பெயரின் கீழ்ப் போட்டால், நினைவுச் சுவரில் தேடுகிற தங்கை ‘சி’யில் தேடி, இல்லையென்று திரும்பிவிடுவாள். அகர வரிசையில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் எப்படியும் ஒத்துவராது. இறந்த திகதிப்படி அடுக்குவது நல்ல வழி. வாஷிங்டனில் 1982 இல் திறந்த வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000 க்கும் மேற்பட்ட பெயர்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஒரே மோதலில் போனவர்கள் அருகருகே நிற்பார்கள், தப்பி வந்த தோழன் ஒரே இடத்தில் எல்லோரையும் பார்ப்பான். பக்கத்தில் ஒரு பெயர் அட்டவணைப் புத்தகமும் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் யாராலும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

சரியான தமிழ் எழுத்து எங்கே கிடைக்கும்? தோட்டப் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ்கள் பல சிங்களத்தில் மட்டுமே இருக்கும், அடையாள அட்டையிலும் பிழை இருக்கலாம். அவர் படித்த தமிழ்மொழிப் பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அதில் சரியாக இருக்கும். அதை வீட்டில் காட்டி, தாயோ மனைவியோ ஒப்பமிட்ட தாளைத்தான் கல் வெட்டுபவரிடம் கொடுக்க வேண்டும். கல்லில் ஏறும் முன் காகிதத்தில் முழு அளவு அச்செடுத்து இன்னொரு தடவை காட்டினால் இன்னும் நல்லது.

பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் பிரைட்டனுக்கு அருகே உள்ள ‘சத்ரி’ சாட்சி. முதல் உலகப் போரில் அங்கே இறந்த 53 இந்து, சீக்கியப் படையினரைத் தகனம் செய்த இடத்தில் 1921 இல் வெண்பளிங்கு மண்டபம் கட்டி, இளவரசரைக் கொண்டு திறந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் அங்கே கல்லில் வந்தது 2010 இல். தகனம் செய்யப்பட்டவருக்குக் கல்லறை இல்லை, கல்லறை இல்லாதவர் எளிதில் பட்டியலிலிருந்து நழுவிவிடுவார். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவே 2021 இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேரை, பெரும்பாலும் ஆபிரிக்கர்கள், பெயர் சொல்லி நினைவுகூரவில்லை என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் 1917 இல் தொடங்கிய அதே ஆணைக்குழுவின் விதிகள் இன்றைக்கும் பின்பற்றத் தக்கவை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்: உயரம் சுமார் 81 சென்ரிமீற்றர், அகலம் 38. அடியில் குடும்பம் விரும்பும் வாசகம், இடைவெளியோடு சேர்த்து 66 எழுத்துக்குள். முதல் போருக்குப் பிறகு அந்த வாசகத்துக்கு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள், மகனைக் கொடுத்தவளிடம். நியூசிலாந்து, காசு இருப்பவனுக்கு மட்டும் வாசகம் வேண்டாம் என்று மொத்தமாகவே மறுத்துவிட்டது.

இதை நேரில் பார்க்க வெளிநாடு போகத் தேவையில்லை. கண்டியில் தேவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள போர் மயானத்துக்குப் போங்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் பேராதனைக்குக் கொண்டுவந்தார், அந்தக் காலத்து மயானம் இது. பிரிட்டிஷார், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர் என இருநூறு பேர் அளவில் படுத்திருக்கிறார்கள். எல்லோரும் குண்டடிபட்டு இறந்தவர்களும் அல்லர். 1939 செப்ரெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைச் சேவையில் இருந்து இறந்தவரெல்லாம், மலேரியாவானாலும் லொறி விபத்தானாலும், போரில் இறந்தவராகவே கணக்கு. ‘வீரமரணமா, சாதாரண மரணமா’ என்று பிரதேச செயலகத்தில் மனைவியை நிற்க வைத்துக் கேட்கும் வேலையை இந்தத் திகதி விதி இல்லாமல் செய்துவிடுகிறது.

கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்து மழையில் வர்ணம் பூசிய எழுத்து தாக்குப்பிடிக்காது, இரும்பு துருப்பிடிக்கும், வெண்கலத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளூர்க் கருங்கல்லில் ‘வி’ வடிவில் ஆழமாக வெட்டுவதுதான் நிற்கும். தமிழ் எழுத்து 25 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறைந்தால் ணகரத்தின் சுழியிலும் புள்ளியிலும் பாசி அடைத்துக்கொள்ளும். புள்ளி அடைந்தால் ‘கண்ணன்’ ‘கணணன’ ஆகிவிடுவான். கல்லைச் சற்றுச் சாய்த்து நட்டால் தண்ணீர் தங்காது. விழாவுக்கு முதல் நாள் அவசரத்தில் அமிலம் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதுதான் பெரிய கேடு. பாசி போகும், கூடவே வெட்டின் ஓரமும் போகும். மென்மையான நார்த் தூரிகை, தண்ணீர், வருடத்துக்கு இரண்டு தடவை. இதற்கு ஓர் ஆளும் சம்பளமும் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக இருக்க வேண்டும், திறப்பு விழாச் செலவில் அடங்காது.

பணம் என்றதும் பூவரசம்பூ நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 இல் பொப்பிப் பூ விற்ற காசில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போகிறது என்ற கோபத்தில்தான் 1930 களில் இங்கே ‘சூரியமல்’ இயக்கம் அதே நாளில் பூவரசம்பூ விற்றது. அந்த இயக்கத்தினர் பின்னர் மலேரியா நிவாரணத்திலும் இறங்கினார்கள். இறந்தவர் பெயரில் சேரும் ஒவ்வொரு சதத்துக்கும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். கணவனின் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. உடல் கிடைக்காதவர் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்: மரணச் சான்றிதழ் வாங்கினால் மகன் இறந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், வாங்காவிட்டால் வங்கியில் எதுவும் நடக்காது. 2016 இல் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொண்டுவந்தது இதற்காகத்தான். இருந்தும் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

விழா நாளில் தலைவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறித்த நேரத்துக்கு வர வேண்டும். கொடியை முதலில் உச்சிவரை ஏற்றிப் பிறகுதான் அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும், மாலையில் இறக்கும்போதும் உச்சிக்குப் போய்த்தான் இறங்க வேண்டும். பெட்டியின் மேல் போர்த்திய கொடி குழிக்குள்ளோ தீக்குள்ளோ போகக் கூடாது, மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். மௌனத்தின்போது ஒலிவாங்கியை அணைக்க வேண்டும், வர்ணனையாளர் வாயையும்தான். படைவீரர் தினமான மே 19 இல் மேற்கு மலைச்சரிவில் மழை நிச்சயம் என்று வைத்துக்கொண்டு குடும்பங்களுக்குக் கூரை போடுங்கள். பந்தல் மேடைக்கும் பிளாஸ்ரிக் கதிரை வெயிலுக்கும் என்ற ஏற்பாடு வேண்டாம். ரிஜிபோம் (தெர்மோகோல்) வளையங்களைத் தவிர்க்கலாம், ஒரு வாரத்தில் அவை ஓடையில் கிடக்கும். பேச்சு ஐந்து நிமிடம், அதில் தேர்தல் இல்லை, வெற்றி இல்லை.

வீட்டுக்குப் போவதென்றால் பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகு போவது நல்லது. லயத்து வாசலில் நாலு பேருக்கு மேல் நிற்க இடமில்லை, கமெராவைத் தோட்டத்து ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் போகட்டும். அந்த அம்மா பேசும்வரை தலைவர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதோடு ஒட்டியே வரும்: எதிர்ப்பக்கம் நின்று செத்தவர்கள்? நவம்பர் 27 மாவீரர் நாளில், மாண்ட புலிகளுக்காக விளக்கேற்றும் தாய்மாரும் இந்த நாட்டுப் பிரஜைகள்தான். புலிகளின் மயானங்களான துயிலும் இல்லங்களை இடித்துத் தள்ளினார்கள், கோப்பாயில் அதன் மேலேயே படைத் தலைமையகமும் எழுந்தது. 1971 இலும் 1989 இலும் அரசை எதிர்த்து மாண்ட ஜேவிபியினருக்கு (மக்கள் விடுதலை முன்னணியினருக்கு) ஒவ்வொரு நவம்பரிலும் கொழும்பில் பகிரங்கமாக அஞ்சலி நடக்கிறது, அதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, போரில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைவுகூரச் சுதந்திர தினத்தில் தனி நிகழ்வு வேண்டும் என்று 2011 இல் எழுதி வைத்தது. ஜனாதிபதி மாவீரர்களுக்கு மாலை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடித்த நிலத்தைக் குடும்பங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கேற்றும் நாளில் பொலிஸை அனுப்பாமல் இருந்தால் போதும். கண்டி மயானத்தில் இத்தாலியர்களும் அடக்கமாகியிருக்கிறார்கள். 1943 செப்ரெம்பர் வரை இத்தாலி எதிரி நாடு. அவர்களுடைய கல்லைச் சுற்றியும் அதே ஆள்தான் புல் வெட்டுகிறார்.