வெப்சைட் பில்டரில் கடை திறக்கும் முன்: டெல்டா வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் டெம்ப்ளேட்டை (ஆயத்த வடிவமைப்பை) தேர்ந்தெடுத்துத் தாங்களே இணையதளம் அமைத்துக்கொள்ள உதவும் வெப்சைட் பில்டர் சேவைகளைப் பற்றி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் சிறு வணிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நாச்சியார்கோவில், குத்துவிளக்குப் பட்டறை: ஐயா, பித்தளை விலை மாறும்போதெல்லாம் தளத்தில் ஒவ்வொரு விளக்கின் விலையையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

வெப்சைட் பில்டர்களின் கடை அமைப்புகள் சட்டை விற்பவரை மனத்தில் வைத்து உருவானவை: ஒரு பொருள், நான்கைந்து அளவுகள், ஒவ்வொன்றுக்கும் நிலையான விலை. உங்கள் விலையோ எடையையும் அன்றைய பித்தளை விலையையும் பெருக்கி, கூலியைச் சேர்த்து வருவது. அடிப்படைத் திட்டங்களில் இந்தக் கணக்கைப் போட பொதுவாக இடமில்லை. தனி மாதக் கட்டணத்தில், பில்டருடன் இணையும் துணைச் செயலி வாங்க வேண்டும், அல்லது நிரல் எழுதத் தெரிந்தவரை நாட வேண்டும். விளக்கின் உயரத்தையும் எடையையும் தெளிவாகக் குறிப்பிட்டு, விலையை வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்வதே இப்போதைக்கு நேர்மையான வழி என்பது என் கருத்து.

திருபுவனம், பட்டுச் சேலை விற்பனை: கைபேசியில் எங்கள் தளம் மிக மெதுவாகத் திறக்கிறது. தமிழ் எழுத்துகளும் சீராக இல்லை.

பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். சேலையின் படங்களைச் சுருக்கி ஏற்றுவதும், தானே நகரும் படவரிசையை நீக்குவதும் உங்கள் கையில் உள்ளன. நீங்கள் பயன்படுத்தாத வசதிகளுக்காகவும் பில்டர் சேர்த்து அனுப்பும் நிரல்களைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை.

டெம்ப்ளேட்டுகளின் அழகிய எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் வடிவங்களே கிடையாது. ஆகவே தமிழ் வரும் இடத்தில் கைபேசி தன்னிடமுள்ள எழுத்துருவைப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்துக்கென வகுத்த வரி இடைவெளியில் 'கி', 'கீ' போன்றவற்றின் மேல் வளைவுகள் நெருக்கப்படுகின்றன. இதைத் தவிர்க்கச் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து படமாக ஏற்றுகிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம், ஏனெனில் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி உரையைப் போல் நம்பகமாகப் படிப்பதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, வரி இடைவெளியைக் கூட்டுங்கள்.

மன்னார்குடி, பாரம்பரிய அரிசி விற்பனை: ஆண்டுக் கட்டணம் தானாகவே பிடிக்கப்படும் என்று நம்பியிருந்தோம். பிடிக்கப்படவில்லை, தளம் நின்றுவிட்டது.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. வங்கி அட்டையிலிருந்து குறித்த காலத்தில் தானாகப் பணம் எடுக்க, உங்கள் ஒப்புதலை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தர வேண்டும். முதல் ஆண்டுச் சலுகை முடிந்த பின் வரும் முழு விலையும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து இந்த வரம்பைத் தாண்டக்கூடும். புதுப்பிக்கும் நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்து வைத்து, முன்கூட்டியே நீங்களே செலுத்திவிடுங்கள்.

வேளாங்கண்ணி, தங்கும் விடுதி: பிறகு வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினால் தளத்தை அப்படியே எடுத்துச் செல்ல முடியுமா?

முடியாது. இவ்வகைச் சேவைகளின் மிகப் பெரிய குறை இதுதான்; வாங்கும்போது பெரும்பாலோர் கேட்காமல் விடுவதும் இதைத்தான். விக்ஸ் என்ற பில்டரில் அமைத்த தளத்தை வெளியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைத்து இயக்கும் சர்வர் சேவையில்) இயக்க வழியில்லை. ஸ்குவேர்ஸ்பேஸ் என்ற பில்டரிலிருந்து சில பக்கங்களையும் பதிவுகளையும் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளுக்கு மாற்றலாம், ஆனால் வடிவமைப்பு உடன் வராது. சேவையே மூடப்படும் சாத்தியமும் உண்டு. யாஹூ தன் இலவச இணையதளச் சேவையான ஜியோசிட்டீஸை 2009-இல் அமெரிக்காவில் நிறுத்தியது. கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வழியே கடைகளுக்கு இலவசமாகக் கிடைத்து வந்த இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரிகளை விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இலவசத் திட்டம் தரும், பில்டரின் பெயர் ஒட்டிய முகவரியை எங்கும் அச்சிடாதீர்கள். டொமைன் பெயரை (தளத்தின் சொந்த இணைய முகவரியை) உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும், முடிந்தால் பில்டருக்கு வெளியே தனி நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நாளை எங்கு மாறினாலும் முகவரி மாறாது. அறைகளின் படங்களையும் விவரங்களையும் கணினியில் தனியே சேமித்து வையுங்கள்.

கும்பகோணம், பாத்திரக் கடை: அப்படியானால் ஆள் வைத்துச் செய்வதே மேல் அல்லவா?

எப்போதும் அல்ல. செய்து கொடுப்பவர் டொமைனைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டால் அதே சிக்கல்தான், அதைவிட மோசமாகவும் ஆகலாம். பணம் கொடுக்கும் முன் பதிவு யார் பெயரில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

திருவாரூர், தையல் நிலையம்: எனக்கு இணையதளம் அவசியமா, ஐயா?

உள்ளூர் வாடிக்கையாளர் மட்டும் என்றால் கூகுள் மேப்ஸில் கடையின் நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைச் சரியாகப் பதிந்து வைப்பதே போதும். அதற்குக் கட்டணம் இல்லை.