சும்மா கெடக்குற ரூமை நாள் வாடகைக்கு விடலாமா? சிங்கப்பூர் வாசகர்களோட கேள்விகளுக்குப் பதில்

வாடகை அக்ரிமென்ட் பத்தி எழுதுனதுலேர்ந்து வர்ற கேள்விகள்ல நெறைய ஒரே விஷயத்தைத்தான் சுத்துது. வீட்டுல ஒரு ரூம் காலியா இருக்கு, ஆன்லைன்ல போட்டு ரெண்டு நாள் மூணு நாள்னு விட்டா வீட்டுக்கடனுக்கு ஒத்தாசையா இருக்குமே, விடலாமான்னு. பேர் வேணாம்னு கேட்டிருக்கறதால ஏரியாவை மட்டும் போடறோம்.

ஈசூன் வாசகி: அக்கா, எங்களுது நாலறை வீவக வீடு, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுன அரசாங்க வீடு. மகன் படிக்க வெளிநாடு போய்ட்டான், அவன் ரூம் பூட்டியே கெடக்கு. ஊர்லேர்ந்து சுத்திப் பாக்க வர்ற குடும்பத்துக்கு அஞ்சு நாள் ஆறு நாள்னு விட்டு, காலைல இட்லி தோசையும் குடுத்துடலாம்னு நெனைக்கறேன். நாங்க ரெண்டு பேரும் இதே வீட்டுலதான் இருக்கோம், அதனால தப்பில்லன்னு பக்கத்து பிளாக்ல ஒருத்தங்க அடிச்சு சொல்றாங்க. சரியா?

பதில்: சரியில்லம்மா. இதை செய்யாதீங்க.

நீங்க மட்டும் இல்ல, நெறைய பேரு இப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. இந்தியாவுல மத்திய சுற்றுலா அமைச்சோட ஹோம்ஸ்டே திட்டத்துல ஓனர் குடும்பம் அந்த வீட்டுலயே தங்கியிருக்கணும்ங்கறது ஒரு கண்டிஷன், அப்படி இருந்துக்கிட்டு 6 ரூம் வரைக்கும் டூரிஸ்ட்டுக்கு விடலாம். அதைப் பாத்துட்டு, கேள்விப்பட்டுட்டு, ஓனர் கூடவே இருந்தா எங்கயும் ஓகேதான்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. சிங்கப்பூர்ல அந்தக் கணக்கு செல்லாது. வீவக வீட்டை முழுசா விட்டாலும் சரி ஒரே ஒரு ரூமை விட்டாலும் சரி, ஒரு வாடகைக்காரருக்கு குறைஞ்சது 6 மாசம் விடணும், சுத்திப் பாக்க விசிட் பாஸ்ல வந்தவங்களுக்கு விடவே கூடாது. நீங்க வீட்டுல இருக்கீங்களா இல்லையாங்கறதே இங்க பேச்சு கிடையாது. மீறினா எச்சரிக்கையோடவும் முடியலாம், அபராதமும் வரலாம், ரொம்ப மோசமானா வீட்டையே திரும்ப எடுத்துக்கற அதிகாரம் வீவகவுக்கு இருக்கு. கடனை அடைக்கத்தான் இதை யோசிக்கறீங்க, அதுக்காக வீட்டையே பணயம் வெக்கறது எந்த விதத்துல நியாயம், சொல்லுங்க.

இந்த ரூல் ரொம்ப கடுமையா இருக்கேன்னு தோணும். எனக்கு அப்படித் தோணல, மனசார சொல்றேன். வீவக வீடுங்கறது குடும்பங்கள் நிலையா வாழறதுக்காகன்னு அரசாங்கம் விலையைத் தாங்கிக் குடுக்கற வீடு. ஒரே காரிடார்ல ஏழெட்டு வீடு, ஒரே லிஃப்ட், எதுத்த வீட்டுப் பாட்டி பகல்ல கிரில்லை மட்டும் சாத்திட்டு கதவைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த காரிடார்ல வாரத்துக்கு ரெண்டு தடவை புது முகம் பெட்டியை உருட்டிட்டுப் போனா யாரு யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டி கதவை சாத்திக்குவாங்க, அவ்வளவுதான் நடக்கும்.

உங்களால சட்டப்படி செய்ய முடியறது ஒண்ணு இருக்கு, அதை யோசிங்க. படிக்க வந்திருக்கற பொண்ணுக்கோ வேலை பாஸ்ல இருக்கறவங்களுக்கோ 6 மாசமோ ஒரு வருஷமோ ரூமை விடலாம். மூவறையும் அதுக்கு மேலயும் உள்ள வீட்டுல மட்டும்தான் ரூம் விட முடியும், உங்களுது நாலறைங்கறதால பிரச்சனை இல்ல. ஆனா வாடகைக்காரர் பெட்டியைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே வீவக கிட்ட அனுமதி வாங்கியிருக்கணும், அப்புறம் எழுதிக்கலாம்னு விடாதீங்க. ரூம் மட்டும் விடறவங்க அதே வீட்டுல தொடர்ந்து குடியிருக்கணும். ஒரு ரூமை மட்டும் பூட்டி வெச்சிட்டு, நாங்களும் இங்கதான் இருக்கோம்னு காட்டிக்கிட்டு, நெஜத்துல மக வீட்டுல போய்த் தங்கறது தப்பு, அதை முழு வீட்டையும் விட்டதாத்தான் எடுத்துக்குவாங்க. முழு வீட்டை விடறதுக்கு கண்டிஷன் வேற: முதல்ல 5 வருஷம் நீங்க அதுல குடியிருந்து முடிச்சிருக்கணும், நிரந்தரவாசிகளா இருந்தா முழு வீட்டை விடவே முடியாது.

பொங்கோல் வாசகர்: எங்களுது கொண்டோ, அதான் தனியார் அடுக்குமாடி வீடு, வீவக ரூல் எங்களுக்குப் பொருந்தாதுன்னு தெரியும். 3 மாசம்னு சொல்றாங்களே, பேப்பர்ல 3 மாச அக்ரிமென்ட் போட்டுட்டு ஆளு ஒரு வாரத்துல காலி பண்ணிட்டுப் போயிட்டா அது அவரு விருப்பம்தானே? நான் என்ன பண்ண முடியும்?

பதில்: ஐயா, தனியார் வீட்டுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம், அதான் எல்லாரும் யுஆர்ஏன்னு சொல்றோமே, அவங்க வெச்ச ரூல் இது. ஒரே ஆளு தொடர்ந்து குறைஞ்சது 3 மாசம் தங்கணும். முந்தி 6 மாசமா இருந்துச்சு, 2017 ஜூன் 30-லேர்ந்து 3 மாசமா குறைச்சாங்க. "தொடர்ந்து தங்கணும்"னுதான் ரூல், காகிதத்துல எழுதணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போறப்ப ஆளுக்கொரு 3 மாச அக்ரிமென்ட் கையில இருந்தா, அதுவே திட்டம் போட்டு செஞ்சீங்கங்கறதுக்கு சாட்சியாயிடும். ஆன்லைன்ல உங்க வீட்டுப் படத்தோட ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கும், கெஸ்ட் எழுதுன விமர்சனத்துல தேதி இருக்கும், கீழ செக்யூரிட்டி ரூம் நோட்டுல பேரு இருக்கும். இதையெல்லாம் தாண்டி என்னன்னு வாதாடுவீங்க?

2018 ஏப்ரல்ல ரெண்டு பேருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டாங்க, கொண்டோ வீடுகளை நாள் கணக்குல விட்டதுக்காக, இந்த மாதிரி விஷயத்துல கோர்ட்டுக்குப் போன முதல் வழக்கு அது. சட்டப்படி 200,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போகலாம், ஜெயிலும் உண்டு. நாள் வாடகையில எத்தனை வருஷம் சம்பாதிச்சா அந்தப் பணம் வரும்னு நீங்களே ஒரு பேப்பரை எடுத்து போட்டுப் பாருங்க.

சீக்கிரம் ரூலைத் தளர்த்திடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் சேத்தே சொல்லிடறேன். 2018-ல யுஆர்ஏவே ஒரு யோசனையை மக்கள் முன்னாடி வெச்சாங்க, வருஷத்துக்கு 90 நாள் வரைக்கும் விடலாம், ஆனா அந்த கொண்டோவுல பங்கு மதிப்புல (ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுச் சொத்துல ஒதுக்கியிருக்கற பங்கு) 80 விழுக்காடு வெச்சிருக்கற ஓனருங்க சம்மதிக்கணும்னு. ஆன்லைன் கம்பெனிங்க அந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஒத்து வரல, 2019 மே மாசம் அதைக் கைவிட்டுட்டு 3 மாசமே தொடரும்னு அறிவிச்சிட்டாங்க. அந்த 80 விழுக்காடுங்கற எண்ணிக்கையைப் பாத்தாலே தெரியுதில்ல, உங்க வீடு உங்க சொத்துதான், ஆனா நீச்சல்குளமும் லிஃப்ட்டும் வாசல் கேட்டும் எல்லாருக்கும் பொது, அவங்க சம்மதமில்லாம அதை ஹோட்டலா மாத்த முடியாது.

வீட்டை வருஷ வாடகைக்கு விட்டிருக்கற ஓனருங்களும் கவனிங்க. வாடகைக்கு எடுத்தவரு அதை நாள் கணக்குல மறுபடி விடறது நடக்குது. அப்பப்ப நேர்ல போய்ப் பாருங்க, உள்ள யாரு இருக்கான்னு தெரிஞ்சு வெச்சிக்கங்க, அக்ரிமென்ட்ல உள்வாடகை கூடாதுன்னு ஒரு வரி எழுதிடுங்க.

திருச்சி வாசகர்: குடும்பத்தோட நாலு பேரு 10 நாளைக்கு சிங்கப்பூர் வர்றோம். ஆன்லைன்ல ஒரு கொண்டோ ரூம் ஹோட்டலை விட பாதி விலைக்கு கெடைக்குது, சமைச்சும் சாப்பிடலாம்னு போட்டிருக்கு. வீட்டுக்காரர் மெசேஜ்ல "கீழ செக்யூரிட்டி கேட்டா என் ஃப்ரெண்டுன்னு சொல்லிடுங்க"ன்னு அனுப்பியிருக்கார். போடலாமா?

பதில்: அந்த ஒரு மெசேஜே போதும் தம்பி, புக் பண்ணாதீங்க. சரியான இடமா இருந்தா உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டாங்க. நடுவுல மேனேஜ்மென்ட் ஆளுங்க வந்து கேட்டா ராத்திரி பதினோரு மணிக்கு புள்ளைங்களையும் பெட்டியையும் வெச்சிக்கிட்டு நடுத்தெருவுல நிப்பீங்க, பணத்தைத் திருப்பிக் கேக்க அந்த ஆளு ஃபோனை எடுக்கணுமே. கடைசி நேரத்துல கேன்சல் ஆனா அன்னிக்கு ஹோட்டல் விலை ரெண்டு மடங்கா இருக்கும், மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிடும்.

உங்களுக்கு 10 ராத்திரிங்கறதால ஒரு வழி இருக்கு. சர்வீஸ்டு அபார்ட்மென்ட்னு அனுமதி வாங்கின இடங்கள் இருக்கு, சமையலறையோட இருக்கும், குறைஞ்சது 7 நாள் தங்கணும்ங்கறதுதான் அங்க ரூல், நீங்க அதைத் தாண்டறீங்க. விலை கட்டுப்படியாகலைன்னா தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சின்ன சின்ன லைசென்ஸ் ஹோட்டல்கள் நெறைய, கீழ இறங்கினா நம்ம சாப்பாட்டுக் கடைங்க, சமைக்க வேண்டிய அவசியமே வராது. அப்புறம், சிங்கப்பூர் வந்து எறங்கறதுக்கு முன்னாடி, எறங்கற நாளையும் சேத்து 3 நாளுக்குள்ள எஸ்ஜி அரைவல் கார்டு நெரப்பணும், அதுல தங்கற இடத்தோட விலாசம் கேப்பாங்க. அது குடிநுழைவு ஆணையத்தோட தளத்துல இலவசம், காசு கேக்கற வெப்சைட்டா இருந்தா மூடிட்டு வெளிய வந்துடுங்க.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: ரூமை முறைப்படி ஒரு வருஷத்துக்கு விடப் போறேன். வர்றவரு நம்ம ஊர்ப் பையன், தஞ்சாவூர் பக்கம். ஏஜென்ட் பாஸையெல்லாம் பாத்துட்டேன்னு சொல்றார், வாட்ஸ்அப்ல ஃபோட்டோவும் அனுப்பியிருக்கார். அது போதும்தானே அக்கா?

பதில்: போதாதுங்க. ஏஜென்ட் ஆயிரம் பாத்தாலும் பொறுப்பு வீட்டுக்காரர் மேலதான், நாளைக்கு அந்தப் பையன் காலாவதியான பாஸ்ல இருந்தாருன்னா ஆபீசர் உங்களைத்தான் கேப்பாங்க. தெரிஞ்சோ அசட்டையாவோ சட்டவிரோதமா தங்கறவங்களுக்கு இடம் குடுத்தா 6 மாசத்துலேர்ந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 6,000 வெள்ளி வரைக்கும் அபராதமும் போடலாம்.

மூணு காரியம் நீங்களே உக்காந்து செய்யணும். பையனை நேர்ல வரச் சொல்லி ஒரிஜினல் பாஸை கையில வாங்கிப் பாருங்க, ஃபோட்டோ காப்பி, வாட்ஸ்அப் படம் எதுவும் வேணாம். அப்புறம் பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வெச்சு பேரு, பொறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க, நம்ம பசங்க பேருல இனிஷியலும் அப்பா பேரும் இடம் மாறி வர்றது சகஜம், அவசரப்பட்டு ஓகேன்னு சொல்லாம எழுத்துக்கு எழுத்து பாருங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம், அந்த பாஸ் இன்னிக்கு உயிரோட இருக்கான்னு பாக்கறது. வேலை பாஸ் கார்டா இருந்தா அதுல ஒரு கியூஆர் கோடு இருக்கும், மனிதவள அமைச்சோட எஸ்ஜி ஒர்க்பாஸ் ஆப்ல ஸ்கேன் பண்ணினா செல்லுமா ரத்தாயிடுச்சான்னு அங்கயே காட்டிடும். கார்டுல தேதி இன்னும் இருக்கேன்னு நம்பிடாதீங்க, வேலையை விட்டு பாஸ் ரத்தாயிருந்தாலும் கார்டுல அச்சடிச்ச தேதி அப்படியேதான் இருக்கும். மாணவர் பாஸ், நீண்டகால வருகை பாஸுக்கெல்லாம் 2023 பிப்ரவரிலேர்ந்து கார்டே குடுக்கறதில்ல, டிஜிட்டலாத்தான் வருது, அதையும் ஸ்கிரீன்ஷாட்ல பாக்காம கியூஆர் கோடை நீங்களே ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு கேட்டே ஆகணும், பையன் என்ன வேலை பாக்கறார்? கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைல (பெட்ரோலிய, ரசாயன ஆலைகள் மாதிரி) ஒர்க் பெர்மிட்ல இருந்து அவரு மலேசியர் இல்லைன்னா வீவக வீட்டுல வாடகைக்கு இருக்க முடியாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை பசங்கள்ல நெறைய பேரு அந்த வேலைங்கள்லதான் இருக்காங்க. நம்ம ஊராச்சேன்னு இரக்கப்பட்டு உள்ள விட்டுட்டு பின்னாடி மாட்டினா உங்களுக்கு அபராதத்தோட போயிடலாம், ஆனா அந்தப் பையனுக்கு வேலையும் போயி, ஏஜென்ட்டுக்குக் கட்டுன கடனோட ஊருக்குத் திரும்பற நெலமை வரலாம். அவரு மேல அக்கறை இருந்தா முதல் நாளே தெளிவா முடியாதுன்னு சொல்லிடுங்க. வேற பாஸ்னா, விண்ணப்பிக்கற அன்னிக்கு அது இன்னும் 6 மாசமாவது செல்லணும்.

தலை எண்ணிக்கையும் பாருங்க. குடும்பம், வாடகைக்காரர் எல்லாரும் சேத்து 6 பேருங்கறதுதான் வழக்கமான வரம்பு. 2024 ஜனவரி 22-லேர்ந்து நாலறையும் அதுக்கு மேலயும் உள்ள வீடுகளுக்கு தற்காலிகமா 8 பேரு வரைக்கும் அனுமதிச்சிருக்காங்க, அதுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்கணும்.

செங்காங் வாசகி: எங்க மாடியில ஒரு வீட்டுல வாரம் ரெண்டு தடவை பெட்டியோட ஆளுங்க மாறுறாங்க. மாடிப்படி கம்பியில நம்பர் பூட்டு போட்ட சாவி டப்பா தொங்குது. பக்கத்து வீட்டுக்காரங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்கம்மா, உங்க வீட்டு வாசல்ல யாரு வந்து போறாங்கன்னு தெரிஞ்சிக்கறது உங்க உரிமை. முடிஞ்சா ஒரு தடவை அவங்ககிட்டயே நேரா பேசிப் பாருங்க, ரூல் தெரியாமயும் இருக்கலாம், இல்ல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்து தங்கியிருக்கலாம், வாடகை வாங்காம விருந்தாளியை வெச்சிக்கறது வேற விஷயம். அப்புறமும் நிக்கலைன்னா வீவக வீடுன்னா வீவகவுக்கும், கொண்டோன்னா மேனேஜ்மென்ட்டுக்கும் யுஆர்ஏவுக்கும் எழுதுங்க. எந்த தேதி, எத்தனை மணி, எத்தனை பேருன்னு குறிச்சு வெச்சிருந்தா போதும், ஆளுங்க முகத்தைப் படம் பிடிச்சு குரூப்ல போடாதீங்க, வந்தவங்க மேல ஒரு தப்பும் இருக்காது.

உட்லண்ட்ஸ் வாசகர்: ரூம் வாடகைக்கு வரி கட்டணுமா? முத்திரை வரி யாரு கட்டணும்?

பதில்: வாடகை வருமானத்தை வருமான வரியில காட்டணும். ரசீது எல்லாம் சேத்து வெக்க முடியலைன்னா மொத்த வாடகையில 15 விழுக்காட்டை செலவா கழிச்சிக்கலாம், வீட்டுக்கடன் வட்டியையும் தனியா கழிக்கலாம். நீங்களே குடியிருந்துக்கிட்டு ரூம் மட்டும் விட்டா சொத்து வரி குடியிருக்கற ஓனருக்கான குறைஞ்ச விகிதத்துலயே இருக்கும், முழு வீட்டையும் விட்டா அந்தச் சலுகை போயிடும். முத்திரை வரியை வழக்கமா வாடகைக்காரர்தான் கட்டுவார். நாலு வருஷத்துக்குள்ள உள்ள அக்ரிமென்ட்டுக்கு மொத்த வாடகையில 0.4 விழுக்காடு, மாசம் 900 வெள்ளின்னு ஒரு வருஷத்துக்கு விட்டா 43 வெள்ளி வரும். கையெழுத்து போட்ட 14 நாளுக்குள்ள கட்டிடணும். கட்டாத அக்ரிமென்ட்டை நாளைக்கு ஏதாவது தகராறுன்னா கோர்ட்ல சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க, அதனால அவரு கட்டுன ரசீதோட காப்பி ஒண்ணை உங்க ஃபைல்ல வாங்கி வெச்சிக்கங்க.