இரட்டைக் குழந்தை: தாய்வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. இரண்டு முறை கரு கலைந்தபின் ஐவிஎஃப் செய்து இப்போது இரட்டைக் குழந்தை. 20-ஆவது வாரம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார்கள். சர்க்கரையும் இருக்கிறது. தற்போது 31 வாரம், திருப்பூரில் காட்டுகிறோம். தலைப்பிரசவம் என்பதால் கம்பத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமியார் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்கிறார்கள். ‘எட்டாம் மாதம் ஆகாது, அதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள்’ என்றும் சொல்கிறார்கள். டாக்டர் ‘காத்திருங்கள்’ என்கிறார். எதற்குக் காத்திருக்கிறோம் என்றே புரியவில்லை.

பதில்: கம்பத்துக்கு அனுப்பாதீர்கள். நான்கைந்து மணி நேரப் பயணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே நடுராத்திரி வலி எடுத்தால், க.விலக்கில் இருக்கும் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தையல் போட்ட கர்ப்பப்பை, உள்ளே இரண்டு குழந்தை. அவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

அடுத்து அந்த எட்டாம் மாதக் கதை. ‘ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது’ என்று என் பாட்டியும் சொல்வார். உண்மை நேர் எதிர். ஒவ்வொரு வாரமும் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக முற்றுகிறது. 31 வாரத்தில் பிறந்தால் மூச்சுக்குப் பெரும்பாலும் இயந்திரத்தின் உதவி வேண்டியிருக்கும். 35-ல் பிறந்தால் பல குழந்தைகள் தாங்களாகவே சமாளிக்கும். அந்த நான்கு வாரத்துக்குத்தான் காத்திருக்கிறீர்கள். நஞ்சுக்கொடி (பிளசென்டா) இரண்டாக இருந்து, அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் சிக்கல் இல்லையென்றால் 37 வாரம் முடியும்வரை இழுக்கலாம். ஆனால் இரட்டையரில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். அதற்குத் தயாராக இருப்பதுதான் இப்போது உங்கள் வேலை.

இந்த 37 வாரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் ‘டிசிடிஏ’ என்று இருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. ‘எம்சிடிஏ’ என்றால் இரண்டு குழந்தைக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒரே நஞ்சுக்கொடியில் ரத்தம் ஒரு குழந்தைக்குக் கூடவும் மற்றதற்குக் குறையவும் போகலாம். அதனால் 16-ஆவது வாரம் முதலே இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும், பிரசவமும் 36-ஐ ஒட்டி நடக்க வேண்டும். நஞ்சுக்கொடி, பனிக்குடம் இரண்டுமே ஒன்று என்றால் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும், 32-34-க்குள் சிசேரியன்தான். ‘இரண்டு கரு வைத்தோம், அதனால் நஞ்சுக்கொடியும் இரண்டு’ என்று ஐவிஎஃப் சென்டரில் சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று ஒட்டாமல் போய், இன்னொன்று இரண்டாகப் பிரிவதும் உண்டு. இதைப் பிந்தைய ஸ்கேனில் உறுதியாகச் சொல்வது கடினம். 12 வாரத்தில் ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். என்னிடம் வரும் ரிப்போர்ட்களில் ‘ட்வின்ஸ்’ என்று மட்டும் போட்டு, கீழே அழகாகக் கையெழுத்து இருக்கும். எரிச்சலாக வரும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. குழந்தை பிறக்கும் கட்டடத்திலேயே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்ஐசியு) இருக்க வேண்டும், அதில் இரண்டு இடம் வேண்டும். போர்டில் ‘என்ஐசியு’ என்று எழுதியிருப்பார்கள். உள்ளே போனால் குழந்தையைச் சூடாக வைக்கும் ஒரு வார்மரும் மஞ்சள்காமாலைக்கான நீல விளக்கும் இருக்கும். நாளைக்கே போய் நேரடியாகக் கேளுங்கள்: 32 வாரக் குழந்தை இரண்டு வந்தால் இங்கேயே பார்ப்பீர்களா? மூச்சுக்கு உதவும் சிபாப் இயந்திரம் எத்தனை? இரவில் குழந்தை டாக்டர் உள்ளே இருப்பாரா, போன் போட்டால் வருவாரா? மழுப்பினால் இடத்தை மாற்றுங்கள். குழந்தைகள் வயிற்றுக்குள் இருக்கும்போதே மாற்றுங்கள். அதைவிடப் பத்திரமான வண்டி கிடையாது.

இதைக் கேட்காமல் விட்டால் அந்த இடத்தில் புரோக்கர் நுழைவான். நர்சிங் ஹோமில் ஒன்றரை கிலோவுக்கு இரண்டு குழந்தை பிறக்கும். ‘இங்கே வசதி இல்லை’ என்பார்கள். வாசலில் ஏற்கெனவே ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிற்கும், எங்கே போவது என்பதை டிரைவர்தான் சொல்வார். நான் டியூட்டியில் இருந்த ஓர் இரவு, ஒரு குழந்தை எங்களிடம் வந்தது. இன்னொன்று வேறோர் ஊரில், அம்மா மூன்றாவது ஊரில். அப்பா கையில் இரண்டு பில்லோடு, எந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். நோயாளியை அனுப்பக் கமிஷன் வாங்குவதை மருத்துவ நடத்தை விதிகள் 2002-லேயே தடை செய்துவிட்டன. விதி இருக்கிறது, கமிஷனும் இருக்கிறது.

மாற்ற வேண்டிய நிலை வந்தே விட்டால் 108-ஐ அழையுங்கள், பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டி அவர்களிடம் உண்டு. ‘அங்கே பெட் இருக்கிறதா’ என்று உங்கள் டாக்டரையே போனில் கேட்கச் சொல்லுங்கள். ‘ஹையர் சென்டருக்கு (பெரிய மருத்துவமனைக்கு) அனுப்பப்படுகிறது’ என்று சீட்டில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் தாய்க்கும், ஒரு வயதுவரை நோயுற்ற குழந்தைக்கும் சிகிச்சை இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அது. அங்கே வார்டு வாசலில் கை நீட்டுகிறவருக்குக் கொடுக்காதீர்கள். ரத்தமும் அப்படித்தான். இரட்டைப் பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்கத் தாமதித்து ரத்தப்போக்கு அதிகமாகலாம். உங்கள் மனைவியின் ரத்த குரூப்பில் இரண்டு பேரை இப்போதே சொல்லி வையுங்கள். காசுக்கு ரத்தம் விற்பது 1998 முதல் தடை. ஆனாலும் ‘யூனிட் ஏற்பாடு பண்றேன் சார்’ என்று ஒருவர் வருவார்.

குழந்தைகளின் நுரையீரல் முற்றுவதற்கான ஸ்டீராய்டு ஊசியை ‘இப்போதே போட்டு வைத்தால் நிம்மதி’ என்று கேட்காதீர்கள். போட்டு ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரைதான் அதன் பலன் அதிகம். பிரசவம் நெருங்கும் அறிகுறி தெரியும்போது போட வேண்டும். சர்க்கரை இருப்பதால், ஊசி போட்ட சில நாள் அளவு எகிறும், அட்மிட் செய்துதான் போடுவார்கள். முழுநேரப் படுக்கையும் வேண்டாம், அதனால் பிரசவம் தள்ளிப்போவதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

வயிறு விட்டு விட்டு இறுகினால், ‘சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் குடி’ என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் மனைவிக்கு அது பொருந்தாது. உண்மையான வலியாக இருந்தால் தையலை உடனே பிரிக்க வேண்டும், இல்லையென்றால் கர்ப்பப்பை வாய் கிழியும். நீர் கசிவு, ரத்தம், கண் மங்கலோடு தலைவலி, அசைவு குறைவது, உள்ளங்கை உள்ளங்காலில் தூங்கவிடாத அரிப்பு, எதுவானாலும் அந்த நேரமே கிளம்புங்கள்.

உங்கள் மாமியாரைத் திருப்பூருக்கு வரச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருப்பது பெரிய வைத்தியம். இரண்டு குழந்தை என்றால் ஒரே நேரத்தில் இரண்டு மார்பு வேண்டும். ஒன்று உங்கள் மனைவி. இன்னொன்று அவர் அம்மா, அவர் களைத்தால் நீங்கள். முன்னால் பொத்தான் வைத்த சட்டையாக இரண்டு எடுத்துப் பையில் வையுங்கள்.