மணிக்கு ஒன்றும் அவசரமில்லை, பூனையைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு 11 வயது. காலையில் எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். கொஞ்ச நேரம் பின்னங்காலை விந்தி நடக்கிறான், பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மூட்டில் சொடுக்குச் சத்தம் கேட்கிறது. முகம் நரைத்துவிட்டது. இணையத்தில் தேடினால் எலும்புப் புற்றுநோய் என்கிறார்கள். வலியில் துடிக்கிறானோ, ஊசி போட்டு அனுப்பி வைக்கும் நேரம் வந்துவிட்டதோ என்று தூக்கமே இல்லை. நாங்கள் சாப்பிடும் வலி மாத்திரையில் பாதி கொடுத்தோம், அன்று நன்றாக நடந்தான். தொடரலாமா? 13 வயதுப் பெண் பூனையும் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, எந்நேரமும் தூக்கம். குணம்தான் கெட்டுவிட்டது, மணல் தட்டுக்கு வெளியே மலம் கழிக்கிறது. அதற்கும் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த மாத்திரை அட்டையைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் கைக்கு. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. பாராசிட்டமால் என்றால் பூனைக்கு அது விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. ரத்த சிவப்பணுக்கள் கெட்டு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி போதும், உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள், மாற்று மருந்து இருக்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை என்றால் மணிக்கும் ஆகாது. இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும். 'அன்று நன்றாக நடந்தான்' என்பது ஆறுதல் இல்லை. வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ இருந்தால் இன்றே காட்டுங்கள். இல்லாவிட்டாலும் என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் வேறொரு வலி மருந்தைத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

சரி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பி வைக்கும் நேரமெல்லாம் வரவில்லை. படுத்து எழுந்ததும் இறுக்கம், பத்து நிமிடம் நடந்தால் தளர்ந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். முழுக்கக் குணமாகாது, ஆனால் நன்றாகவே சமாளிக்கலாம். புற்றுநோயின் நடை வேறு மாதிரி இருக்கும். நடந்தாலும் தளராது, நாளுக்கு நாள் மோசமாகும், காலைத் தரையில் ஊன்றவே மாட்டான், மூட்டை ஒட்டிய எலும்பில் கெட்டியான வீக்கம் தெரியும். அப்படி இருந்தால் அந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சொடுக்குச் சத்தத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நரைக்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை.

இத்தனை எழுதிய நீங்கள் மணியின் எடையை எழுதவில்லை. எழுதாதவர்களின் நாய்கள் மெலிந்திருந்து நான் பார்த்ததில்லை. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. கால்பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். வேறெந்த மாத்திரையைப் பற்றியும் இவ்வளவு தெம்பாக நான் சொல்ல மாட்டேன். மணியின் விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் குண்டு. வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். ஒரே நீள நடையை இரண்டு மூன்று குட்டி நடைகளாகப் பிரியுங்கள். வாரம் முழுக்கப் படுக்க வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்து எறிவது வேண்டாம். நாய்க்கென்றே உள்ள வலி மருந்துகள், மாதம் ஒருமுறை போடும் ஊசி எல்லாம் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை பார்த்து எது ஒத்துக்கொள்ளும் என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் என்ற சத்து மாத்திரை பெரிதாக ஏமாற்றம் தராது, பெரிதாக எதுவும் தரவும் தராது.

எனக்குக் கவலை, கடைசியில் நான்கு வரியில் நீங்கள் தள்ளிவிட்ட பூனை மேல்தான்.

குணம் கெடவில்லை, வலிக்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலி ஆகாது என்பதும் உண்மை. ஆனால் பூனைக்கு வலித்தாலும் நாயைப் போல விந்தாது. பெரும்பாலும் இரண்டு பக்க மூட்டும் சேர்ந்தே தேய்வதால், எந்தக் காலுக்கு ஓய்வு கொடுப்பது? அது நொண்டாது, செய்வதைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் அதைத் தூக்கம் என்கிறீர்கள்.

இதற்கு ஒரே ஒரு அடையாளம் சொல்கிறேன், தாவலைப் பாருங்கள். முன்பு தரையிலிருந்து ஒரே தாவலில் ஜன்னல் திண்டுக்குப் போயிருக்கும். இப்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். பின்புறத்தைத் தாழ்த்தும், பிறகு மனசு மாறி உட்கார்ந்துவிடும். அல்லது நடுவில் ஒரு நாற்காலியில் ஏறி, அங்கிருந்து போகும். இறங்கும்போது முன்கால்களைச் சுவரோடு எட்டியவரை நீட்டி, வழுக்கிக்கொண்டு 'தொப்'பென்று விழும். இது இருந்தால் வாலுக்கு மேலே முதுகு ரோமத்தையும் தடவிப் பாருங்கள், சிக்குப் பிடித்திருக்கும். திரும்பி நக்க முடியவில்லை. நகம் தடித்து வளைந்து தரையில் 'டக் டக்' என்று கேட்கும், சில சமயம் பாதத்திலேயே குத்திக்கொண்டிருக்கும்.

மணல் தட்டு விவகாரமும் இதுதான். விளிம்பு உயரம். முன்கால்களை உள்ளே வைத்துவிடுகிறது, பின்பக்கத்தைத் தூக்கிப் போட முடியவில்லை. தட்டின் ஒரு பக்கம் நான்கு விரல்கடை உயரம் மட்டும் இருக்கும்படி வெட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அன்றே தீரும், மீதி வலி மருந்தில். மலச்சிக்கலால்கூட இப்படி நடக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். (தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அது மூட்டு சமாச்சாரம் இல்லை. அதுவும் ஆண் பூனை என்றால் சில மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.)

பூனைக்கும் மருந்து உண்டு, மாத ஊசியும் உண்டு. ஆனால் இந்த வயதில் பல பூனைகளுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், முதலில் ரத்தமும் சிறுநீரும் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. இன்னொரு தொல்லை, மருத்துவமனைக்கு வந்ததும் அது மேஜையில் குறுகி உட்கார்ந்துகொண்டு எதையும் காட்டாது. எத்தனை கைதேர்ந்த மருத்துவராலும் உட்கார்ந்திருக்கும் பூனையின் நடையைப் பார்க்க முடியாது. அதனால் வீட்டிலேயே கைபேசியில் இரண்டு வீடியோ எடுங்கள், திண்டில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அதைக் காட்டுங்கள். அப்புறம், போகும்போது மணியையும் கூட்டிப்போய் எடை பாருங்கள்.